மூட்டை சுமந்தவர்கள்

மிகுபுனைவுக் கதையின் நாயகன் பெரும்பாலும் முன்கூட்டியே குறித்துவைக்கப்பட்ட ஆள். அவன் பிறக்கும் முன்பே ஒரு தீர்க்கதரிசனம் சொல்லப்பட்டிருக்கும். இல்லையென்றால் முன்னோரின் வாளோ மோதிரமோ தேடி வந்து அவன் கையில் சேர்ந்திருக்கும். அவனோடு கூடப் போகிறவனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவன் ஊரிலேயே தங்கிவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. எந்த வாக்கும் பொய்த்துப்போகாது, எந்தக் குலமும் தலைகுனியாது. இருந்தும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். விதி பிடரியைப் பிடித்துத் தள்ளும் இடத்துக்குப் போவதைக் காட்டிலும், விதியின் கண்ணிலேயே படாத ஒருவன் தானாகப் போவது பெரிய காரியம். இந்த வகை இலக்கியத்தில் வீரத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது.

கூட வருகிறவர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். சிரிப்புக் காட்டுவதற்கென்றே நாயகன் பக்கத்தில் நிறுத்தப்படும் நண்பனைத் தமிழ்த் திரைப்படம் பார்த்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காதல் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பான், நாயகனுக்கு விழ வேண்டிய அடியை வாங்குவான், கடைசிச் சண்டையில் காணாமல் போவான். அவன் வேறு. அனுமனும் வேறு. ஒரு காண்டமே அவனுடையது, ஊருக்கு ஊர் கோயிலும் இருக்கிறது. பாடப்படாதவன் என்று அவனைச் சொன்னால் யாரும் ஒப்ப மாட்டார்கள். இங்கே பேச்சு, கதையின் போக்கைத் தங்கள் கையால் திருப்பிவிட்டுப் பெயரை நாயகனுக்கு விட்டுக்கொடுத்தவர்களைப் பற்றியது.

இவர்களை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு: மூட்டை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். செர்வாண்டிஸின் 'டான் கிஹோட்டே' நாவலில் (முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615) இது வெளிப்படையாகவே நடக்கிறது. அந்த நாவல் மிகுபுனைவு அல்ல, அன்றைய மாயவீரக் கதைகளைக் கேலி செய்ய எழுதப்பட்டது; அதனாலேயே அந்தக் கதைகள் மறைத்ததைச் சொல்லிவிடுகிறது. முதல் பயணத்தில் கிஹோட்டே தனியாகப் போகிறான். கையில் காசு இருக்கிறதா என்று சத்திரக்காரன் கேட்கிறான். வீரர்கள் காசு எடுத்துப்போனதாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லையே என்கிறான் கிஹோட்டே. புத்தகத்தில் எழுதாமல் விட்டிருப்பார்கள்; காசும் மாற்றுச் சட்டையும் காயத்துக்குக் களிம்பும் இல்லாமல் எவனும் போயிருக்க மாட்டான், அதையெல்லாம் சுமக்க ஆளும் வைத்திருப்பான் என்று சத்திரக்காரன் புத்தி சொல்கிறான். ஊர் திரும்பிய கிஹோட்டே ஏழாம் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டு விவசாயி சாஞ்சோ பான்சாவைச் சேர்த்துக்கொள்கிறான். மறக்காமல் சேணப்பை எடுத்துவரச் சொல்லித்தான் சேர்க்கிறான்.

சாஞ்சோவைச் சோற்றுப்பிரியன், பேராசைக்காரன் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இரண்டாம் பாகத்தில் ஒரு பிரபு விளையாட்டுக்காக அவனை ஒரு 'தீவு'க்கு ஆளுநராக்குகிறான். சிரிக்கக் காத்திருந்தவர்கள் முன்னால் சாஞ்சோ நல்ல தீர்ப்புகளாகச் சொல்கிறான். பிறகு, இது தனக்கான வேலை இல்லை என்று தெரிந்ததும் தானே பதவியை உதறிவிட்டுத் தன் கழுதையைத் தேடிப் போகிறான். கிடைத்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் குணம் பின்னால் வேறொருவனிடம் இன்னும் பெரிய அளவில் வெளிப்படும்.

இந்தியாவில் வளர்ந்த அமீர் ஹம்சா கதையில் அந்த ஆள் அமர் அய்யார். ஹம்சா பிறந்த அதே நாளில் ஓர் ஒட்டகக்காரனுக்கு மகனாகப் பிறந்தவன். அக்பர் காலத்தில் சுமார் 1400 ஓவியங்களோடு தீட்டப்பட்ட 'ஹம்சாநாமா'வில் வாள் வீசுவதும் பூதங்களை வீழ்த்துவதும் ஹம்சாவின் வேலை. உளவு பார்ப்பதும், வேடம் கட்டுவதும், மயக்கமருந்து கொடுத்து எதிரியைத் தூக்கி வருவதும் அமரின் வேலை. அவனிடம் ஒரு பை உண்டு; உலகத்தையே போட்டாலும் நிரம்பாது. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் 1893 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'திலிஸ்மே ஹோஷ்ருபா' இந்தக் கதையின் உருதுக் கிளை. அங்கே மாயநாட்டை வெல்ல விதிக்கப்பட்டவன் ஹம்சாவின் பேரன் அசத். அவன் சிறைப்பட்டுவிட, மந்திரவாதிகளை எதிர்த்து ஆடும் ஆட்டம் அமரும் அவன் கூட்டத்தாரும் ஆடுவதாகவே நீள்கிறது. அய்யார்களின் தொழில் மந்திரம் அல்ல, தந்திரம். எதிரில் நிற்பவர்களோ மந்திரத்தில் ஊறியவர்கள். அமர் கஞ்சன், பணம் என்றால் பல்லிளிப்பவன். கேட்பவர்கள் காத்திருந்ததும் அவன் வரவுக்குத்தான்.

தமிழில் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்றுத் தீர்ந்த விக்கிரமாதித்தன் கதையில் அந்த இடம் பட்டியுடையது. உறவில் சகோதரன், பதவியில் மந்திரி. தேவலோக நடனப் போட்டியில் தீர்ப்புச் சொன்னதற்காக விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் சிம்மாசனமும், அதில் அமர்ந்து ஆயிரம் ஆண்டு ஆளும் வரமும் தருகிறான். ராஜா மகிழ்ச்சியோடு ஊர் திரும்புகிறான். பட்டி காளியிடம் போய்த் தனக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிக்கொள்கிறான். காளி அதற்கு விலையாக ராஜாவின் தலையையே கேட்டாள், அவனும் கொடுத்தான், பட்டி அவளிடமே வாதாடி அவனை எழுப்பிக் கொண்டுவந்தான் என்று ஒரு வடிவம் சொல்கிறது. கதை சொல்பவருக்குத் தக்கபடி விவரம் மாறும். மாறாமல் வருவது அடுத்த கணக்கு. வரம் சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளும் ஆயிரம் ஆண்டுக்குத்தானே? ஆண்டுக்கு ஆறு மாதம் நாட்டில் ஆண்டுவிட்டு ஆறு மாதம் காட்டில் கழித்தால் ஆயிரம் இரண்டாயிரமாகும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றும் ஊர் சுற்றுகிறவர்களைச் சொல்கிறார்கள். அது பட்டி போட்ட கணக்கு என்பதைச் சொல்வாரில்லை. கதையின் சாகசங்கள் முளைப்பது அந்தக் காட்டு மாதங்களில்தான். பின்னாளில் போஜராஜன் அந்தச் சிம்மாசனத்தில் ஏற வரும்போது 32 பதுமைகளும் வழிமறித்துப் புகழ்வதோ விக்கிரமாதித்தனை.

இவர்கள் எல்லாரிலும் ஆழமாக எழுதப்பட்டவன் சாம்வைஸ் காம்ஜி. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. உலகை அடிமைப்படுத்தும் மோதிரத்தை, அது உருவான எரிமலையிலேயே போட்டு அழிப்பது கதை. சுமப்பவன் ஃப்ரோடோ. சாம் அவன் வீட்டுத் தோட்டக்காரன்.

சாமுக்கு மூலம் எங்கே என்பது தெரிந்த செய்தி. டோல்கீன் 1916-இல் சோம் போர்முனையில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படையில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தார். அன்றைய பிரிட்டிஷ் படையில் அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஒரு சிப்பாய் பணியாளாக ஒதுக்கப்பட்டான். துணி துவைப்பது, தேநீர் போடுவது, மூட்டை கட்டுவது, குண்டு விழும்போது கூடவே ஓடுவது எல்லாம் அவன் பொறுப்பு. அதிகாரி படித்த குடும்பத்துப் பையன். பணியாள் வயலிலோ ஆலையிலோ இருந்து வந்தவன். அப்படித் தான் கண்ட சாதாரணச் சிப்பாய்களின் சாயல்தான் சாம் என்றும், அவர்கள் தன்னைவிட மிக உயர்ந்தவர்கள் என்று தான் உணர்ந்ததாகவும் டோல்கீன் பின்னாளில் சொன்னார். 1944-இல், விமானப்படைப் பயிற்சிக்குத் தென்னாப்பிரிக்கா போயிருந்த மகன் கிறிஸ்டஃபருக்கு அத்தியாயங்களை எழுதி எழுதி அனுப்பிய காலத்தில், தான் மிக நெருங்கி வரைந்த பாத்திரம் சாம்தான், ஃப்ரோடோ உயர்ந்த எண்ணங்களோடு இருந்தாக வேண்டியவன் என்பதால் அவ்வளவு சுவை இல்லை என்ற பொருளில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1951-இல் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சாமைக் கதையின் முதன்மை நாயகன் என்றே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். ஆசிரியரே ஒப்புக்கொண்ட பிறகும் அட்டையிலும் சுவரொட்டியிலும் முன்னால் நிற்பது ஃப்ரோடோ.

சாம் பயணத்தில் சேர்வதே தண்டனையாகத்தான். ஜன்னலுக்குக் கீழே புல் வெட்டிக்கொண்டே உள்ளே நடந்த பேச்சை ஒட்டுக்கேட்ட அவனை மந்திரவாதி காண்டால்ஃப் காதைப் பிடித்து இழுத்து, கூடப் போ என்று உத்தரவிடுகிறார். அவன் மூட்டையில் இருப்பதை டோல்கீன் நின்று நிதானமாகப் பட்டியலிடுகிறார்: சமையல் சட்டிகள், சிறு பெட்டியில் உப்பு, சக்கிமுக்கி, கம்பளிக் காலுறை, புகையிலை. இவற்றோடு ஃப்ரோடோ எடுத்துவைக்க மறந்த சில்லறைப் பொருள்களும் உண்டு. கேட்கும்போது எடுத்து நீட்டி மகிழலாம் என்று சாம் தானே ஒளித்துவைத்தவை. கயிறு எடுத்துவரவில்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்து நொந்துகொள்கிறான். லோரியன் காட்டில் எல்ஃப் இனத்தார் தந்த கயிற்றில்தான் பின்னால் இருவரும் செங்குத்துப் பாறையில் இறங்குகிறார்கள்.

இத்திலியன் காட்டில் நடக்கும் முயல் குழம்புக் காட்சியை அவசர வாசகர்கள் தாண்டிவிடுவார்கள். வழிகாட்டியாக வந்த கோல்லம் இரண்டு சிறு முயல்களைப் பிடித்து வருகிறான். அவன் பச்சையாகத் தின்கிறவன். சாம் அவற்றைச் சட்டியில் போட்டு, வாசனை இலைகள் தேடி, உப்புப் போட்டு வேகவைக்கிறான். தூங்கும் ஃப்ரோடோவின் மெலிந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அடுப்பைப் பார்க்கிறான். எதிரி நாட்டின் எல்லையில் ஒருவேளை சுடுசோறு. பிறகு நெருப்பை அணைக்க மறந்துவிடுகிறான். புகையைக் கண்டு ஃபாரமிர் என்ற தளபதியின் வீரர்கள் வந்து சூழ்கிறார்கள். நல்லது செய்யும் கையிலேயே தவறும் நடப்பதை டோல்கீன் மறைப்பதில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. கிரித் உங்கோல் படிக்கட்டில் இருவரும் உறங்க, ஃப்ரோடோவைக் காட்டிக்கொடுக்கத் துணிந்துவிட்ட கோல்லம் திரும்பி வருகிறான். உறங்கும் முகத்தைப் பார்த்ததும் உள்ளே ஏதோ இளகி, நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த நேரம் விழித்த சாம், என்ன களவாணித்தனம் என்கிற மாதிரி கேட்டுவிடுகிறான். கோல்லத்தின் முகம் இறுகிப்போகிறது. அவன் திருந்துவதற்கு இருந்த வாய்ப்பு அதோடு முடிகிறது. 1963-ஆம் ஆண்டுக் கடித வரைவு ஒன்றில் டோல்கீன் இந்த இடத்தை எடுத்து வருந்துகிறார். சாமிடம் ஒருவகை மேதாவித்தனமும் குறுகிய பார்வையும் உண்டு, அவனைக் கண்டு எரிச்சல்படும் வாசகர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றும் எழுதுகிறார். ஆசிரியர் தன் செல்லப் பிள்ளையை இப்படி எடைபோடுவது அபூர்வம்.

அடுத்து ஷீலாப் என்ற மாபெரும் சிலந்தி ஃப்ரோடோவைக் கொட்டி வீழ்த்துகிறது. சாம் தனியாக அதோடு போரிட்டுத் துரத்துகிறான். ஆனால் சண்டையைவிட முக்கியமானது சண்டைக்குப் பிறகு வருகிறது. எஜமான் இறந்துவிட்டான் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் அந்தத் தோட்டக்காரன் முன்னால் வழிகள் இருக்கின்றன: கோல்லத்தைத் தேடிப்போய்ப் பழிவாங்கலாம், அங்கேயே செத்துப்போகலாம், அல்லது மோதிரத்தைத் தானே எடுத்துக்கொண்டு மேலே நடக்கலாம். சொல்லித்தர ஆளில்லை. அவனைப் பற்றி எந்தத் தீர்க்கதரிசனமும் கிடையாது. அழுது, தனக்குள் வாதாடி, மோதிரத்தை எடுத்துக்கொள்கிறான். அதன் பிறகே ஃப்ரோடோ உயிரோடு இருப்பதும், பகைவர் கோபுரத்துக்குத் தூக்கிப்போனதும் தெரிகிறது.

மோதிரம் ஒவ்வொருவரையும் அவரவர் ஆசையைக் காட்டி மயக்கும். சாமுக்கு அது காட்டுவது, எதிரி நாடான மார்டோரின் பாழ்பட்ட சமவெளி முழுவதும் தன் ஆணையில் தோட்டமாகப் பூத்துக் குலுங்கும் காட்சியை. அவனுக்கென்றே செய்த தூண்டில்! தன் கையால் பாடுபட ஒரு சிறு தோட்டம் போதும், நாட்டையே தோட்டமாக்கி மற்றவர் கைகளை ஏவுவது தனக்கு ஆகாது என்று தள்ளிவிடுகிறான். கோபுரத்தில் ஃப்ரோடோவைக் கண்டதும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். ஃப்ரோடோ ஒரு கணம் அவனைத் திருடன் என்கிறான். மோதிரத்தைச் சுமந்தவர்களில் தானாக அதை விட்டவர்கள், ஃப்ரோடோவுக்கு முன் அதை வைத்திருந்த பில்போவும் சாமும் மட்டுமே. பில்போவுக்குக் காண்டால்ஃபின் அதட்டல் தேவைப்பட்டது. சாஞ்சோ விட்டுவந்த தீவு பிரபுவின் கேலிக்கூத்து. சாம் திருப்பிக் கொடுத்தது உலகத்தை.

இதற்குப் பிறகு நாவலின் கண் சாமுடையதாகிவிடுகிறது. ஃப்ரோடோவின் மனத்துக்குள் போக வாசகருக்கு வழியில்லை. மோதிரம் அங்கே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. தாகம், பசி, புழுதி எல்லாம் சாம் வழியாகவே தெரிகின்றன. கடைசிச் சொட்டுத் தண்ணீரைக் கொடுக்கிறவன் அவன். சுமையைக் குறைக்க வேண்டிவரும்போது அவன் சமையல் சட்டிகளைப் பிளவில் எறிகிறான். பாறையில் மோதி அவை எழுப்பும் சத்தம் அவன் நெஞ்சில் சாவுமணியாக விழுகிறது. இனிச் சமைக்கப் போவதில்லை, திரும்பப் போவதும் இல்லை என்று அவன் ஒத்துக்கொண்ட இடம் அது. மலையடிவாரத்தில் ஃப்ரோடோ நடக்க முடியாமல் விழ, மோதிரத்தைச் சுமக்க முடியாவிட்டாலும் சுமப்பவனைச் சுமக்கலாம் என்று முதுகில் ஏற்றிக்கொள்கிறான்.

கதையின் முடிச்சு அவிழ்வது உச்சியில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே. மலைச்சரிவில் கோல்லம் பாய்கிறான். ஃப்ரோடோ மேலே போய்விட, வாளோடு நிற்கும் சாமின் காலடியில் கோல்லம் புழுதியில் கிடக்கிறான். கொல்ல எல்லாக் காரணமும் உண்டு, சாமுக்கு ஆசையும் உண்டு. ஆனால் கொஞ்ச நேரமாவது மோதிரத்தைச் சுமந்தவன் அவன். இத்தனை காலம் அதற்கு அடிமையாகக் கிடந்த அந்த உயிரின் வேதனை மங்கலாகவாவது அவனுக்குப் புரிகிறது. ஓடிப்போ என்று விட்டுவிடுகிறான். படிக்கட்டில் அவனால் காட்ட முடியாமல் போன இரக்கம் இங்கே, எல்லாம் கைமீறிய பிறகு, வருகிறது. மேலே ஃப்ரோடோ தோற்கிறான்: மோதிரத்தை எறிய மறுத்து, அது தன்னுடையது என்று அறிவித்து அணிந்துகொள்கிறான். விரலோடு கடித்துப் பறித்து அதோடு நெருப்பில் விழுகிறவன், சாம் உயிரோடு விட்ட கோல்லம். பில்போவும் ஃப்ரோடோவும் முன்பு கோல்லத்துக்குக் காட்டிய கருணையை உரையாசிரியர்கள் நிறையப் பேசுவார்கள். வரிசையில் கடைசியாக வந்த சாமின் கருணை இல்லாவிட்டால் முந்தைய இரண்டும் வீணாகியிருக்கும்.

சாமின் பக்தியைக் குறை சொல்கிறவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. கடைசிவரை அவன் 'எஜமான்' என்றே அழைக்கிறான். ஆங்கிலேய வர்க்க அமைப்பின் வாசனை அதில் தூக்கலாக அடிக்கிறது. பணிந்து போவதை வீரமாக மெச்சுவது ஆபத்து என்பதைச் சாதிப்படிநிலை அறிந்த சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சாமின் பெரிய செயல்கள் ஒன்றும் ஏவலுக்குச் செய்தவை அல்ல. சிலந்தியை எதிர்த்ததும், மோதிரத்தை எடுத்ததும், கோல்லத்தை விட்டதும் எஜமான் நினைவிழந்தோ அப்பால் போயோ இருந்தபோது அவனாக எடுத்த முடிவுகள்.

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசை (1997–2007) இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. தீர்க்கதரிசனம் குறித்த குழந்தை ஹாரியாகவும் இருக்கலாம், நெவில் லாங்பாட்டமாகவும் இருக்கலாம். இருவரும் ஜூலைக் கடைசியில் பிறந்தவர்கள். வில்லன் ஹாரியைக் குறிவைத்ததால் ஹாரி நாயகனானான். நெவில் மறதிக்காரப் பையனாக வகுப்பின் ஓரத்தில் வளர்கிறான். சித்திரவதையில் சித்தம் கலங்கிய பெற்றோரை மருத்துவமனையில் பார்க்கப் போகும்போது அம்மா ஒரு வெற்று மிட்டாய்க் காகிதத்தைக் கையில் வைக்கிறாள். பாட்டி குப்பையில் போடச் சொல்ல, அவன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறான். கடைசி நூலில், ஹாரி இறந்துவிட்டான் என்று எல்லாரும் நம்பும் நேரத்தில், முன்னால் வந்து எதிர்த்து நின்று வில்லனின் பாம்பின் தலையைச் சீவுகிறவன் அவன். அந்தப் பாம்பு சாகாமல் வில்லனுக்குச் சாவில்லை. அதே நூலில் கூடாரம், துணிமணி, புத்தகக்கட்டு எல்லாம் அடங்கும் சிறு மணிப்பை ஒன்றைச் சுமந்து வருகிறவள் ஹெர்மையனி. அமர் அய்யாரின் பை நூற்றாண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலேயச் சிறுமியின் கையில் இருக்கிறது.

இவர்கள் பாடப்படாமல் போனதற்குக் காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பாட்டும் பதுமையும் அரசவைக்கு உரியவை. அவை சிம்மாசனத்தில் இருப்பவனைப் பார்த்தே பாடும். திரைப்படமும் அப்படித்தான். 2003-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தில், கோல்லத்தின் சூழ்ச்சியை நம்பி ஃப்ரோடோ சாமைப் படிக்கட்டில் வைத்து விரட்டிவிடுகிறான். நூலில் அப்படி ஒரு விரட்டலே இல்லை. அழுதுகொண்டே இறங்கும் சாமைப் பார்த்துப் பார்வையாளர் உருகினார்கள். ஆனால் கோல்லம் திருந்தவிருந்த கணமும் அதில் சாமுக்கு இருந்த பங்கும் படத்தில் காணாமல் போயின. குற்றமற்ற விசுவாசி ஒருவன் கிடைத்தான், நூலில் இருந்த முழு மனிதன் போய்விட்டான்.

டோல்கீனின் கதை ஃப்ரோடோ கப்பலேறிய பிறகும் தொடர்கிறது. சாம் ரோஸியை மணந்து 13 பிள்ளைகளுக்குத் தந்தையாகி, ஏழு முறை தன் சொந்த நாடான ஷயரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். நூலின் கடைசிப் பேச்சு அவன் வீடு திரும்பிச் சொல்வது. அதற்கும் பின்னால் ஓர் அத்தியாயம் இருந்தது. சாம் தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைப் படித்துக்காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக டோல்கீன் எழுதியிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்களுக்குப் பிடிக்காததால் எடுத்துவிட்டார். கிறிஸ்டஃபர் டோல்கீன் பதிப்பித்து 1992-இல் வெளியான 'சாரான் டிஃபீட்டட்' தொகுதியில் அந்த அத்தியாயம் அச்சாகியிருக்கிறது. மூன்று தொகுதிகளையும் படித்து முடித்தவர்கள் அதையும் படித்துவிடுவது நல்லது.